முகத்துக்குச் சொட்டு மருந்து

இப்போதெல்லாம் மருந்துக் கடையில் அதற்கென்று தனியாக ஒரு கண்ணாடி அலமாரியே வைத்திருக்கிறார்கள். சீரம் என்று பெயர். முகம் கழுவியதும் சில சொட்டு, அதன்மேல் கிரீம், அதற்கும் மேல் வெயிலுக்கு ஒன்று. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் அதற்கு வெறும் 'சொட்டு' என்றுதான் பெயர். அந்தச் சொட்டை நான் ஆறேழு மாதம் முகத்தில் விட்டுக்கொண்டேன். அதனால் என்ன ஆனது என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் சின்னதாகப் பாத்திரக் கடை வைத்திருந்தார். நான் மூத்தவள். சைதாப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. தங்கை கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் நிறம், அவள் அம்மாவின் நிறம். எங்கள் வீட்டுக்கு வந்த எவரும் அதைச் சொல்லாமல் காபித் தம்ளரைக் கீழே வைத்ததில்லை.

முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள். என்னைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். படி இறங்கும்போது மாப்பிள்ளையின் அக்கா, என் காதில் விழும் என்பது தெரிந்தே, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, நிறந்தான் மட்டு" என்றாள். அதன்பிறகு அவர்களிடமிருந்து தகவல் இல்லை. அன்று அம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த சத்தத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்தது.

அதற்கு முன்பே கடலை மாவு, பாலாடை, எலுமிச்சைச் சாறு எல்லாம் பார்த்தாகிவிட்டது. பாண்டி பஜாரில் வாங்கிய ஸ்நோவும் பவுடரும் முகத்தில் சாம்பல் பூசியதுபோல நின்றன. அப்போதுதான் அடையாறில் ஒரு அம்மாள் தன் வீட்டு முன்னறையிலேயே அழகு நிலையம் வைத்திருப்பதாக யாரோ சொன்னார்கள். அம்மா என்னை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அந்த அறையில் பெரிய கண்ணாடியும், சாய்ந்துகொள்ளும் நாற்காலியும், பிளாஸ்டிக் ரோஜாக்களும் இருந்தன. அந்த அம்மாள் கையில்லாத ரவிக்கை போட்டிருந்தாள். என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடம், "ஃபீச்சர்ஸ் ரொம்ப நல்லா இருக்கு. ஸ்கின்னைத்தான் கவனிக்கணும்" என்றாள்.

பிறகு மூன்று பாட்டில்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்றில் தண்ணீர்போலத் தெளிந்த மருந்து. அது தோலை மிருதுவாக்குமாம். இரண்டாவது பால்போல இருந்தது. அது பருக்களுக்கு. மூன்றாவது பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில். மூடியிலேயே ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக் குழாய் இருந்தது. எந்தப் பாட்டிலிலும் சீட்டு ஒட்டியிருக்கவில்லை.

"இது வெளிநாட்டுச் சரக்கும்மா. நானே கலந்து குடுக்கிறேன். நிறத்துக்கு இதுதான்."

"எது சீக்கிரம் கேக்கும்?" என்று அம்மா கேட்டாள்.

"இதுதான். ஆனா கொஞ்சம் எரியும்."

"எரிஞ்சாப் பரவாயில்லை" என்றாள் அம்மா. யார் முகத்தில் எரியப்போகிறது என்பதை அவள் யோசித்ததாகத் தெரியவில்லை.

என் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துச் சற்று நேரம் காத்திருக்கச் சொன்னாள். அந்த இடம் சுருக்கென்றது. எரிகிறது என்றேன். "அப்போ வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சிரித்தாள். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு நெற்றியில், கன்னங்களில், மோவாயில் ஒவ்வொரு சொட்டு. விரல் நுனியால் மேல்நோக்கித் தடவ வேண்டும். அது இழுத்துக்கொண்ட பிறகுதான் ஸ்நோ. வெயிலில் போகக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பள்ளியில் பிரேயர் மைதானத்தில் நடக்கும், பஸ் ஸ்டாப்புக்குக் கூரை கிடையாது. குடை வாங்கிக்கொள்ளலாம் என்றாள் அம்மா.

அடுத்த மாதமே நான் வெளுக்க ஆரம்பித்தேன். இதை மறைப்பதற்கில்லை. முதலில் கண்களைச் சுற்றி, பிறகு கன்னம். ஆசிரியைகள் அறையில், "என்ன டீச்சர், விசேஷமா?" என்று கேட்டார்கள். அப்பா கடையிலிருந்து வந்து என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினார். கண்ணாடி முன்னால் நிற்க எனக்குப் பிடித்திருந்தது. எரிச்சலுக்கும் பழகிவிட்டேன்.

அந்த முகத்தைப் பார்த்துத்தான் மயிலாப்பூரிலிருந்து வந்தவர்கள் சரி என்றார்கள். அவர்களும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். பையனுக்கு வங்கியில் வேலை. நிச்சய தாம்பூலம் மாற்றியாயிற்று. ஒருநாள் மாம்பலம் பிளாட்பாரத்தில் அவரைத் தற்செயலாகப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ரயில் வரும் சத்தம் கேட்டதும், "வெயில்ல நிக்காதீங்க, கறுத்துடப் போறீங்க" என்றார். அதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். சைதாப்பேட்டை வரும்வரை அந்த ஒரு வாக்கியத்தையே மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனேன்.

சித்திரை பிறக்கும்போது கன்னங்களில் தோல் உரிந்தது. உரிந்த இடம் சிவந்து, பிறகு கறுத்தது. என் பழைய கறுப்பு இல்லை அது. சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு திட்டு. அடையாறு அம்மாள் பார்த்துவிட்டு, "உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் வெளியே வருது. நிறுத்தினா இப்படியே நின்னுடும். காலையிலயும் போடுங்க" என்றாள்.

"நிறுத்திருவோம்மா" என்று பஸ்ஸில் வரும்போது கெஞ்சினேன்.

"ஏட்டி, கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு. இந்த முகத்தோடயா மணவறையில உக்காரப் போற? அந்தம்மாவுக்குத் தெரியாததா?"

காலையிலும் போட்டேன். திட்டுகள் இரண்டு கன்னத்தையும் பிடித்து மூக்கின் மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. பள்ளிக்கூட வாசலில் காய்கறி விற்கும் பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "இன்னாம்மா டீச்சர், மூஞ்சி இப்டி கீது? கொள்ளிக்கட்ட பட்டுக்கிச்சா?" அதுவரை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் அழுதபடியே வகுப்புக்குப் போனேன்.

அன்று சாயங்காலமே, அம்மாவிடம் சொல்லாமல், ஒரு தோல் டாக்டரிடம் போய் பாட்டிலைக் காட்டினேன். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இதுல என்ன கலந்திருக்குன்னு கேட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். தோலைச் சுட்டு வெளுக்க வைக்கிற சாமான் இது, வெயில் பட்டால் இப்படித்தான் திருப்பிக்கொள்ளும் என்றார். போய்விடுமா என்று கேட்டேன். "புண் ஆறிடும். கறை போகும்னு என்னால சொல்ல முடியாது." அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது உண்மை என்று தெரிந்தது.

பாட்டிலோடு அடையாறுக்குப் போனேன். அந்த அம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள். உள்ளே நாற்காலியில் வேறொரு பெண் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். "வெயில்ல போகாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. நீங்க கேக்கலைன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே இருந்த பெண்ணுக்குக் கேட்டிருக்காது.

யார் போய்ச் சொன்னார்களோ தெரியவில்லை, அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா முன்னறிவிப்பு இல்லாமல் வந்தாள். நான் தட்டு நிறையப் பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்து உள்ளே போக நேரமில்லை. என்னைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"மதினி, என்ன இது? சீக்குப் பிள்ளையையா எங்க தலையில கட்டப் பாத்தீய?"

"சீக்கெல்லாம் இல்ல மதினி. மருந்து ஒத்துக்கல. ஆறிரும்."

"ஆறட்டும். அதுக்காக என் மவன் காத்துக்கிட்டு இருப்பானா? பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. சொந்தபந்தத்துக்கு எல்லாம் சொல்லியாச்சு." கூடத்துக் கதவுக்குப் பின்னால் தங்கை நின்றுகொண்டிருந்தாள். "சின்னவ இருக்காள்லா?"

அம்மா மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "அவுக அப்பா வரட்டும்" என்றாள்.

அப்பா வந்தார், கேட்டார், மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "நீ என்னம்மா சொல்லுத?" என்றார். அதற்குள் அம்மா தங்கைக்கு ரவிக்கை அளவு எடுக்கத் தையல்காரனை வரச் சொல்லியிருந்தாள். கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்கப்பட்ட கேள்விக்கு, உங்கள் இஷ்டம் என்றேன்.

தங்கை சில நாள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. துணி மடித்துக்கொண்டிருந்தபோது நானே பேச்செடுத்தேன்.

"உனக்கு வேண்டாம்னா சொல்லு. நான் அப்பாகிட்டப் பேசுதேன்."

அவள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். "எனக்கு அவரப் பிடிச்சிருக்கு அக்கா. நிச்சயத்தன்னைக்கே பிடிச்சிருந்தது."

அவள் அழுதாள். நான் அழவில்லை. அவள் பொய் சொல்லியிருந்தால் அவளை மன்னிப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குறித்த முகூர்த்தத்திலேயே தி. நகரில் கல்யாணம் நடந்தது. காலையில் அம்மா என்னை ஓரமாக அழைத்துப்போய், "நீ ஸ்டோர் ரூம் பொறுப்பைப் பாத்துக்கோ. முன்னால வந்தா நாலு பேரு நாலு விதமாக் கேப்பாவ" என்றாள். தாலி கட்டும்போது நான் தேங்காய்ப் பைகள் போட்டுக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் கேட்டது. போட்டோக்காரர் குடும்பத்தை நிற்க வைத்தபோது யாரும் என்னைத் தேடி வரவில்லை. அந்த ஆல்பத்தில் நான் எங்குமே இல்லை. பார்ப்பவர்கள் அப்பாவுக்கு ஒரே பெண் என்றுதான் நினைப்பார்கள்.

மாப்பிள்ளை சாப்பாட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ஒருமுறை நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். அவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். வெட்கமா, அருவருப்பா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பள்ளி திறந்ததும் அந்த முகத்தோடேயே போனேன். பிள்ளைகள் சில நாள் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். பெரியவர்கள் விடவில்லை. வருடக் கடைசியில் வீட்டிலிருந்து கிளம்பி அடையாறில் பெண்கள் விடுதியில் ஓர் இடம் வாங்கிக்கொண்டேன். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தார். என்னைப் போகாதே என்று அவர் சொல்லவில்லை. டாக்டர் கொடுத்த களிம்பால் மூக்கின் மேல் இருந்த திட்டு மங்கியது. கன்னத்தில் இருந்தது போகவில்லை. பிறகு யாரும் என்னைப் பெண் பார்க்க வரவில்லை, வரச் சொல்லவும் இல்லை.

அப்பா இறந்த பிறகு, எழுபதுகளின் கடைசியில், அம்மா என்னோடு வந்து இருந்தாள். தங்கை வீட்டில் அவளுக்கும் சம்பந்திக்கும் ஒத்துப்போகவில்லை. அப்போது எனக்கென்று ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடித்திருந்தேன். ஒருநாள் காலையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, "எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்திருக்கு, ஏட்டி. கட்டிக் குடுத்திருந்தா நீ இப்படி சொந்தக் கால்ல நிப்பியா?" என்றாள்.

"அப்படிச் சொல்லாதம்மா" என்றேன். "இன்னொரு தடவை சொன்னா நீ திரும்பத் தங்கச்சி வீட்டுக்கே போயிரு."

அவள் கத்தியை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபத்தைத்தான் பார்த்தாள், கன்னத்தை இல்லை. பிறகு காயை நறுக்கத் தொடங்கினாள். அந்தப் பேச்சை அவள் அதன்பிறகு எடுக்கவில்லை. சாகும்வரை என்னிடம் வருத்தம் தெரிவிக்கவும் இல்லை.