மாட்டுக் கொட்டகையில் அப்பா

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில், வேலைக்குச் சேர வரும் பிள்ளைகளைச் சோதிப்பது என் வேலை. கையை நீட்டச் சொல்வேன். இருபது வயதுக் கை எங்கே நடுங்கப் போகிறது? ஃபிட் என்று எழுதிவிடுவேன். அவர்களுக்கு ஐம்பதில் என்ன வரும் என்று கம்பெனி கேட்டதில்லை.

என் அப்பாவுக்கு ஐம்பதில் வந்தது. கைகால் தானாக உதறும், பேச்சு குழறும். பென்னலூரில் எங்கள் வீட்டைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்த அன்று அவரை மாட்டுக் கொட்டகையில் உட்கார வைத்தோம். தாழ் போட்டது நான்தான். அவர்கள் காபி குடிக்கும்போது கொட்டகைத் தகரத்தில் டமார் டமார் என்று சத்தம். “இன்னாது அது?” என்றார் வரப்போகிற மாமனார்.

“மாடு உதைக்குது” என்றேன். வாய் கூசவில்லை. எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும், அவ்வளவுதான்.

கல்யாணமாகி வந்த அன்றே மனைவி அப்பாவைப் பார்த்துவிட்டாள். வயசானால் வருவது என்று சொல்லி வைத்தேன். தாத்தாவுக்கும் இதேதான் என்பதைச் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரிந்தபோது மகள் வயிற்றில் இருந்தாள்.

போன வருஷம் என் கால் உதறத் தொடங்கியது. இவ்வளவு கேடுகெட்ட நோய் எப்படி இத்தனை தலைமுறை ஒழியாமல் வந்தது என்று தண்டலத்தில் ஒரு டாக்டரிடம் சண்டைக்குப் போவதுபோல் கேட்டேன்.

“சின்ன வயசுலயே ஆளக் கொன்னா நோயும் கூடவே ஒழிஞ்சிடும். இது நீங்க புள்ள பெத்து முடிக்கிற வரைக்கும் காத்திருக்கு. அதுக்கப்புறம் நீங்க எப்படிப் போனா இயற்கைக்கு என்ன? வயசான காலத்துல வர்ற முக்கால்வாசி நோய்க்கும் இதான் கதை” என்றார். மகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பாம். இயற்கையும் என் மருத்துவ அறையில்தான் உட்கார்ந்திருக்கிறது போல.

ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடலாம் என்றேன். மனைவி தலை நிமிராமல் வெங்காயம் நறுக்கினாள்.

“நீ மட்டும் சொன்னியா இன்னா?” என்றாள் மகள். “வந்தாலும் எனக்கு அம்பதுலதானே. அதுக்குள்ள பெத்து வளத்துடுவேன். ஞாயித்துக்கெழம நீ சத்திரத்துல லாட்ஜ்ல இருந்துக்கோப்பா. டூட்டிக்குப் போயிருக்கேன்னு சொல்லிக்கிறேன்.”

போனேன். சுங்குவார்சத்திரம் லாட்ஜில் உள்ளே தாழ் போட்டதும் நான்தான். படுத்திருந்தேன். கால் தன் பாட்டுக்குப் பலகைத் தடுப்பை உதைத்துக்கொண்டிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு தெற்கத்திக் குரல், “என்ன சத்தம் அண்ணாச்சி?” என்று கேட்டது.

சொல்வதற்கு என்னிடம் மாடு இல்லை.