புதன்கிழமை எட்டு சென்டிமீட்டர்

டேப்பக்கா யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்ப்பாள். ஐந்தாவது தரம் இழுக்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவாள். பேருந்தில் ஏறினால், இது எங்கே போகிறது என்று நடத்துநரைக் கேட்டுவிட்டு, அவர் சொன்னது சரிதானா என்று பக்கத்தில் இருப்பவரையும் கேட்பாள். இளம் வயதில் அப்படிக் கேட்டபோதுதான் ஒரு நடத்துநர், "நீங்க ஏறிப் பாருங்க, போகலைன்னா இறங்கிக்கலாம்" என்றார். அந்தப் பதிலில் ஏதோ நம்பிக்கை வந்து அவரையே கல்யாணம் செய்துகொண்டாள். அதிலும்கூட அவசரப்படவில்லை. மூன்று வருடம் யோசித்தாள்.

அவளுடைய வேலைக்கு அந்தக் குணம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு பெரிய சதுப்புநிலம். அதன் ஓரத்தில் ஓர் ஆய்வு நிலையம். மழைநீர் மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது, எங்கே தங்குகிறது, எப்போது வற்றுகிறது என்று அங்கே ஆராய்கிறார்கள். அதற்காகச் சதுப்பைச் சுற்றி ஏழு இடங்களில் ஆழமாகக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இரும்பு மூடி, பூட்டு. திங்கள், புதன், சனி, காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில், ஏழு குழாயிலும் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். அளக்கிற கருவி ஒரு நீளமான டேப். அதன் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் உலோகத் துண்டு. அது தண்ணீரைத் தொட்டதும் மேலே இருக்கிற பெட்டி கீச்சென்று கத்தும். கத்தின நொடியில் குழாயின் விளிம்பில் டேப்பைப் பிடித்து, அங்கே இருக்கிற எண்ணைப் பார்க்க வேண்டும்.

பதினொரு வருடமாக இதைச் செய்கிறாள். தோளில் டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. பெயரே அப்படி ஆகிவிட்டது. நிலையத்துக்கு வந்த மாணவர்கள் பலர் அவளுடைய எண்களை வைத்துப் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். குழாய்த் தண்ணீர் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் சதுப்பின் ஓரம் காய்ந்துவிடும், நாணல் நடுவில் இருக்கும் நீர்க்கோழிக் கூடுகளுக்கு நாய்கள் நடந்தே போய்விடும். அதனால் எண் இறங்கியதும் கால்வாய் மதகைத் திறக்கச் சொல்லி நிலையம் கடிதம் எழுதும். மதகு திறப்பது தன் கையில் இருப்பதாக டேப்பக்கா வெளியே சொல்லிக்கொள்வதில்லை. உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை நிலையத்தின் ஆய்வாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞர்.

"உக்காருங்கக்கா."

உட்காரச் சொன்னபோதே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

கணினித் திரையில் ஏழு கோடுகள். ஒவ்வொன்றும் ரம்பப் பல் மாதிரி கீழே இறங்கி மேலே ஏறியது.

"புதன்கிழமை ஆனா தண்ணி எட்டு சென்டிமீட்டர் இறங்குது. சனிக்கிழமை பழைய இடத்துக்கு வந்துடுது. நாலு மாசமா இப்படித்தான்."

"ஐஸ் கம்பெனிக்காரன் மோட்டார் போடுறான் தம்பி. நான் அப்பவே நெனச்சேன்."

"ஐஸ் கம்பெனி நாலாம் குழாய் பக்கத்துல இருக்கு. ஏழாம் குழாய் எங்க இருக்கு? அங்கயும் அதே எட்டு. பூமிக்கடியில தண்ணி நாள் கிழமை பாத்து இறங்குமாக்கா?" அவர் பேனாவை மூடினார். "குழாய்ப் பக்கமே போகாம வீட்ல உக்காந்து எழுதினா மட்டும்தான் இப்படி வரும்."

"என்ன சொல்றீங்க சார்?" தம்பி ஒரே நொடியில் சாராகிவிட்டார்.

"நான் சொல்லல, டைரக்டர் மேடம் கேக்குறாங்க. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லைன்னா உங்க பதினொரு வருஷ அளவையும் பதிவுல இருந்து எடுத்துடுவாங்க."

"புதன்கிழமை தானே சந்தேகம்? மத்ததை எதுக்கு எடுக்கணும்?"

"ஒண்ணு பொய்னா மத்தது உண்மைன்னு யாருக்கா சொல்றது?"

அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் கேட்டிருப்பாள்.

ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். நாலு மாதமாகப் புதன்கிழமைகளில் குழாய்ப் பக்கம் போனது அவள் இல்லை. டேப்பைச் சுற்றிச் சுற்றி வலது தோள் பிடித்துக்கொண்டது. தோளுக்குச் சிகிச்சை கொடுக்கிற ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிடைத்தது புதன்கிழமை காலை மட்டும். அவளைத் தவிர வேறு யாரும் டேப்பைத் தொடக் கூடாது என்று வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தோள் வலி என்று சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்று பயம். ஓய்வு பெற்று வீட்டில் இருந்த அவள் கணவர், அந்தக் கண்டக்டர், "நான் போயிட்டு வரேன், என்ன பெரிய வேலை" என்றார். அனுப்பினாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் மனம் ஒன்றையே அரைத்தது. இந்த மனுஷன் போகவே இல்லை. எங்கேயோ டீக்கடையில் உட்கார்ந்து, திங்கட்கிழமை எண்ணைப் பார்த்து, கூட எட்டைப் போட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்.

யோசிக்க யோசிக்கச் சாட்சிகள் தாமாக வந்து வரிசையில் நின்றன. அவளுக்கு ஒன்பது மணி வரை ஆகிற வேலை, அவருக்கு எட்டரைக்கே முடிந்துவிடுகிறது. சதுப்பில் நடந்தால் செருப்பில் சேறு அப்பும். அவருடைய செருப்போ புதன்கிழமைகளில்தான் பளிச்சென்று இருக்கிறது. கேட்டால் நோட்டை நீட்டுவார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நின்றபடி காற்றில் எழுதினால் அப்படியா வரும்?

அன்று மாலை கீரை ஆய்ந்துகொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"ஏழாம் குழாய் மூடி துருப்பிடிச்சுக் கிடக்குமே, எப்படித் தெறக்குறீங்க?" மூடி இப்போது வழுக்குவது திங்களும் சனியும் திறக்கிற அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் கேட்டாள்.

"எண்ணெய் போட்டேன். இப்ப வழுக்கிக்கிட்டு வருது."

"எப்ப போட்டீங்க?"

"ரெண்டாவது வாரமோ மூணாவது வாரமோ. ஏன், எண்ணெய்க்குக்கூட நேரம் காலம் எழுதணுமா?"

"சும்மா கேட்டேன். புதன்கிழமை காலையில டீக்கடையில கூட்டம் எப்படி?"

கண்டக்டர் செய்தித்தாளை இறக்கி அவளைப் பார்த்தார். "பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காதுன்னு சொல்லுவாங்க. எனக்குப் புதன் கெடைச்சுது, டீதான் கெடைக்கல. என்ன விசாரணை இதெல்லாம்?"

பதில் தயாராக இருந்ததும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பேருந்தில் ஏறி, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, சந்து வழியாகத் திரும்பி நடந்து, ஐஸ் கம்பெனியின் மரத்தூள் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து நாலாம் குழாய் நன்றாகத் தெரியும்.

"என்னக்கா, குழாய் அங்க இருக்கு, நீங்க இங்க நிக்குறீங்க?" ஐஸ் கம்பெனிக் காவலாளி முதுகுக்குப் பின்னால் கேட்டான்.

"சத்தம் போடாதப்பா."

அவன் அவள் பார்வை போன திசையில் பார்த்தான். தூரத்தில் கண்டக்டர், தோளில் டேப்போடு வந்துகொண்டிருந்தார். காவலாளியின் முகம் இரக்கத்தால் இளகியது.

"அண்ணனையா வேவு பாக்குறீங்க? இந்த வயசுலயா?"

"எந்த வயசுல?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. ஆனா ஒண்ணு, பொம்பளை யாரும் வந்ததில்ல. வாராவாரம் வர்றாரு, அந்தக் குழாய்கிட்ட மட்டும் ஏதோ பேசுறாரு, போறாரு. நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

வாராவாரம் வருகிறார் என்ற சொல் அவளை உலுக்கியது. கண்ணை எடுக்காமல் பார்த்தாள். கண்டக்டர் பூட்டைத் திறந்தார். நுனியிலிருந்த உலோகத்தைத் துணியால் துடைத்தார். மெல்ல இறக்கினார். கீச்சென்றது. விளிம்பில் பிடித்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, எண்ணைப் பார்த்தார். பிறகு டேப்பைக் கொஞ்சம் தூக்கி மறுபடி இறக்கினார். அவளைப்போல ஐந்து தரம் இல்லை, இரண்டாவது தரம் பார்த்ததும் நோட்டைக் குழாய் மூடியின் மேல் வைத்துக் குனிந்து எழுதினார். எழுதி முடித்ததும், ஐஸ் கம்பெனிக் குழாயடியில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

அவள் குவியலுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். கண்டக்டருக்குக் கையிலிருந்த செருப்பு நழுவியது.

"ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"எதுக்குச் செருப்பைக் கழுவுறீங்க?"

"இனி மூணு குழாய்க்கும் காஞ்ச வரப்புதான். சேத்தோட வீட்டுக்கு வந்தா நீ விடுவியா? இது என்ன, செக்கிங்கா?"

"என்ன எண் வந்துச்சு?"

"ரெண்டு மீட்டர் முப்பத்தொண்ணு."

அவளே டேப்பை வாங்கி இறக்கினாள். கீச்சென்றது. விளிம்பில் பிடித்தாள்.

"ரெண்டு இருபத்திமூணு," என்றாள், வெற்றியோடு.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "கண்ணாடி போட்டுப் பாரு. முப்பத்தொண்ணு."

பார்த்தாள். டேப்பில் முப்பத்தொன்றுதான் இருந்தது. அவள் வாய்தான் இருபத்திமூன்று என்று சொல்லியிருந்தது.

டேப்பைப் பிடித்தபடியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருடத்துக்கு முன்னால் டேப்பின் நுனி பிய்ந்து, பழுது பார்க்கப் போனது. பழுது பார்த்தவர் கெட்டுப்போன பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, உலோகத் துண்டை மேலே தள்ளிப் பொருத்திக் கொடுத்தார். டேப்பில் எட்டு சென்டிமீட்டர் குறைந்துபோனது. ஆகவே விளிம்பில் தெரிகிற எண்ணிலிருந்து எட்டைக் கழித்தால்தான் உண்மையான ஆழம். புது டேப் வருகிற வரைக்கும் மனசுக்குள் கழித்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தாள். புது டேப் வரவே இல்லை. அப்போதிருந்த ஆய்வாளரும் மாற்றலாகிப் போனார். கழித்துக் கழித்து, கழிக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. நோட்டில் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கண்டக்டருக்கு வேலையைக் கற்றுக்கொடுத்த அன்று, விளிம்பில் என்ன எண் இருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள் என்றுதான் சொன்னாள். அவரும் அப்படியே எழுதினார்.

"நீங்க வீட்ல உக்காந்து எழுதுனீங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

அவர் டேப்பைச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டார். ஐந்தாம் குழாய்க்கு இருவரும் சேர்ந்து நடந்தார்கள். ஆறாம் குழாய்க்கும். வழியில் டேப்பின் எட்டு, திரையில் பார்த்த ரம்பப் பல், வெள்ளிக்கிழமை கெடு எல்லாவற்றையும் அவள் சொன்னாள். ஏழாம் குழாயில் மூடி எண்ணெய் மினுமினுப்போடு வழுக்கித் திறந்தது. அப்போதுதான் பேசினார்.

"முப்பது வருஷம் பஸ்ல இருந்தேன். எத்தனையோ பேர் ஏறிச் செக் பண்ணினாங்க. ஒருத்தர்கூட மரத்தூளுக்குப் பின்னாடி ஒளிஞ்சதில்ல."

அவள் மூடியைப் பூட்டி, பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்த்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவரே இறங்கி வந்தார். "சரி விடு. அடுத்த வாரத்துல இருந்து நானும் எட்டைக் கழிச்சுடறேன். அந்தப் பல்லெல்லாம் மறைஞ்சிடும். நான் போனதை நீ எதுக்குச் சொல்லணும்?"

"மறையும். ஏன் திடீர்னு மறைஞ்சுதுன்னு அந்தத் தம்பி யோசிப்பார். அவர் எடத்துல நான் இருந்தா இன்னும் அதிகமாத்தான் சந்தேகப்படுவேன். சொல்லிடறதுதான் சரி."

மறுநாள் சொன்னாள். தோள்வலி, ஆஸ்பத்திரி, கண்டக்டர், எட்டு, எல்லாவற்றையும். ஆய்வாளர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"கதை நல்லா இருக்குக்கா. நம்பணும்னா அளந்துதான் பாக்கணும்."

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே அவர்மேல் முதல் முறையாக மரியாதையும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, தான் வேலைக்கு வந்தபோது வரவழைத்து உறை பிரிக்காமல் வைத்திருந்த ஒரு புது டேப்பை அலமாரியிலிருந்து எடுத்தார். ஏழு குழாய்க்கும் இருவரும் போனார்கள். ஒவ்வொன்றிலும் முதலில் அவள் இறக்கி, எட்டைக் கழித்து எண்ணைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு, பிறகு தன் டேப்பை இறக்கினார். தன் எண்ணைக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை, ஆனால் அவர் முகத்தை ஏழு தரமும் படிக்கப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஏழாம் குழாயில் நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்.

"நாலு மில்லிமீட்டர் தப்பு. ஏழுலயும் அதே நாலு. வெட்டினவர் எட்டு இல்லக்கா, எட்டேகால் எட்டரைன்னு ஏதோ வெட்டியிருக்கார்."

"அப்ப என் எண்ணு?"

"நிக்கும். நாலு மில்லிமீட்டரை நான் சரி பண்ணிக்குவேன். டேப் பழுதுக்குப் போன தேதியைச் சாமான் அனுப்புற பதிவேட்டுல நேத்தே தேடி எடுத்துட்டேன்."

"நேத்தா? நான் சொன்னதை நம்பலைன்னீங்க?"

"நம்பாததாலதான் தேடினேன்."

அன்று மாலையே டைரக்டரின் கடிதம் வந்தது. பதினொரு வருட அளவுகளும் பதிவில் இருக்கும். விதியை மீறியதற்கு எச்சரிக்கை. இனிமேல் அளக்கிற நாள் புதனுக்குப் பதில் வியாழன். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். டேப்பக்கா ஒரு தரம் படித்தாள். இரண்டாவது தரம் படித்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"'வெளிநபர் எழுதிய தவறான அளவுகள்'னு போட்டிருக்கே. இது வேண்டாம்."

"ஏன்க்கா? தவறுதானே?"

"டேப்ல இருந்ததைத்தான் அவர் எழுதினார். தவறு அதுல இல்ல, சொல்லாம விட்டதுல இருந்துச்சு. அது நான். என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதுங்க. அவர் டேப்ல பாத்ததை அப்படியே எழுதினார்னு ஒரு வரி போடுங்க, கையெழுத்துப் போடுறேன்."

"மேடம்கிட்டத் திரும்பக் கையெழுத்து வாங்கணும்க்கா."

"வாங்கிட்டு வாங்க தம்பி. நான் இங்கேயேதான் இருப்பேன்."

முக்கால் மணி நேரம் ஆனது. புதுக் கடிதத்தை மூன்று தரம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். புதன்கிழமையிலிருந்தே அளவாகத்தான் பேசியிருந்தார். நகலை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியை இறக்கிப் படித்தார். தன்னைப் பற்றிய வரியை இரண்டாவது தரமும் படித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் சரி," என்றார். "கீழ முத்திரை இல்லையே?"

டேப்பக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். இல்லைதான். இருவரும் எழுந்து மறுபடி உள்ளே போனார்கள்.