ஆலோசகரை எனக்கு ஐந்தாண்டுகளாகத் தெரியும்

போன ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் ஏதோ ஒரு வெளிநாட்டு நாடாளுமன்றக் குழுவின் விசாரணையைக் காட்டினார்கள். அரசின் மேல்மட்ட ஆலோசகர் ஒருவரைச் சரியாக விசாரிக்காமலே பதவியில் உட்கார வைத்துவிட்டார்களாம். யார் விசாரித்தது, எப்போது விசாரித்தது, என்ன கேட்டீர்கள் என்று எம்.பி.க்கள் மாறி மாறித் துளைக்கிறார்கள். எதிரே ஒரு பெரிய அதிகாரி. தண்ணீர் குடிக்கிறார். பேப்பரைப் புரட்டுகிறார். எல்லாம் நடைமுறைப்படிதான் நடந்தது என்கிறார். எப்படிக் கேட்டாலும் அதே பதில்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த என் கணவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ எதுக்குச் சிரிக்கற? போன மாசம் நீயும் இப்படித்தான முழிச்சிட்டு நின்ன?"

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அந்தக் கதையை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வாராவாரம் ஊரார் வண்டவாளத்தை எல்லாம் இந்தப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, என்னுடையதை மட்டும் ஒளித்து வைத்தால் நியாயமா?

நான் பாலக்கோடு பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. எங்களுக்குப் பதவியோடு இன்னொன்றும் வந்து சேரும் — பச்சை மை. கெசட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டும் என்றால் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் என் அறை வாசலில்தான் நிற்பார்கள். நன்னடத்தைச் சான்றுக்கு வாசகம் கூடத் தயாராக இருக்கும். 'இவரை எனக்கு ஐந்தாண்டுகளாகத் தெரியும். இவரது நடத்தை நன்று.' எந்தத் தலைமையாசிரியராவது 'நடத்தை சுமார்' என்று எழுதிக் கொடுத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஒரு நாள் மதியம் எங்கள் கணக்கு ஆசிரியர் முருகேசன் ஒருவரை அழைத்து வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் தோல் பை.

"நம்ம சொந்தக்காரர்தாங்க மேடம். தக்காளி விவசாயிங்க சங்கத்துல ஆலோசகரா எடுத்திருக்காங்க. ஒரு கான்டக்ட் சர்டிபிகேட் மட்டும்..."

டீ வந்தது. குடித்தார். மழை பொய்த்தது பற்றிப் பேசினோம். கையெழுத்துப் போட்டேன், சீல் வைத்தேன். மொத்தம் பதினைந்து நிமிடம். அதைத்தான் ஐந்தாண்டு என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் சங்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரர்கள். எந்த ரகம் நடுவது, நாற்றை எங்கே எடுப்பது என்பதெல்லாம் இனி ஆலோசகர் சொல்படிதான் என்று முடிவாகியிருந்தது. அவரும் வந்ததும் வராததுமாக ஓர் உத்தரவு போட்டார். கோடை நடவுக்கு எல்லோருக்கும் ஒரே ரகம். நாற்றும் ராயக்கோட்டை ரோட்டில் ஒரே நர்சரியில்தான் எடுக்க வேண்டும். அப்படியே நட்டார்கள். செடி தளதளவென்று வந்தது, பூத்தது. வெயில் ஏறியதும் பூவெல்லாம் கொட்டிவிட்டது. காயே பிடிக்கவில்லை. அது பனிக்காலத்து ரகமாம்!

அந்தச் சங்கத்தில் ஒருவர்தான் மாதம்மாள். அவருக்கு இருப்பது முக்கால் ஏக்கர். அதை நம்பித்தான் மகளைக் காலேஜில் சேர்த்திருக்கிறார், கடைசி வருடம். ஆலோசகரிடம் போய்க் கேட்டதற்கு, "மருந்து சரியா அடிச்சிருக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டார் மனிதர்.

மாதம்மாள் விடவில்லை. பஸ் ஏறி அந்த நர்சரிக்கே போனார். உள்ளே நுழையவில்லை. எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தார். அவர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர், டீக்கடைக்காரருக்கும் கன்னடம்தான். அப்புறம் கேட்க வேண்டுமா? ஒரு டீ ஆறுவதற்குள் எல்லாம் வந்துவிட்டது. நர்சரி, ஆலோசகரின் மச்சானுடையது. அந்த ரகம் விற்காமல் தேங்கிக் கிடந்தது. இதற்கு முன் இன்னொரு ஊரிலும் இதே ஆலோசனையைச் சொன்னவரை அங்கிருந்து துரத்தி விட்டிருக்கிறார்கள்.

மாதம்மாள் செய்தது ஒன்றும் புதிய வித்தை இல்லை. நம் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன் எல்லோரும் செய்வதுதான். மாப்பிள்ளை ஊர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, டீக்கடையில், சலூனில், ரேஷன் கடை வரிசையில் விசாரித்துவிட்டுத்தானே 'சரி' என்கிறோம்? பையன் குடிப்பானா, அவன் அப்பா யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார் — எதையாவது விடுகிறோமா? ஊர் விளைச்சலையே ஒப்படைக்கிற ஆளுக்கு மட்டும் ஒரு தாள் போதும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்த நடவுக்கு நாற்று எடுக்கத் தீர்மானம் போட சங்கக் கூட்டம் கூடியது. அதே நர்சரி. டீக்கடையில் கேட்டதை மாதம்மாள் எடுத்துச் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். கையெழுத்துப் போட்டவரைக் கூப்பிட்டு விசாரித்தால்தான் ஆயிற்று என்று மாதம்மாள் பிடிவாதமாக நின்றிருக்கிறார். எனக்கு ஆள் வந்தது. கோபம்தான் வந்தது, மறைப்பானேன்? ஒரு ஹெச்.எம்.ஐ இவர்கள் கூப்பிட்டு விசாரிப்பதா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். முருகேசனும் கூட வந்தார்.

மேடையில் ஆலோசகர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கத் தலைவர் பெருமாள் மைக்கைப் பிடித்தார்.

"நாங்க சும்மா எடுக்கலைங்க. ஹெச்.எம். மேடமே எழுதிக் குடுத்திருக்காங்க. அதுக்கு மேல என்னத்தைங்க விசாரிக்கறது?"

மாதம்மாள் எழுந்தார். "அஞ்சு வருசமா தெரியும்னு எழுதியிருக்கீங்களே டீச்சர். அவரு எந்த ஊருங்க?"

எனக்குத் தெரியவில்லை. "முருகேசன் சார் சொந்தம்னு சொன்னாருங்க..." என்று இழுத்தேன்.

"சாருக்கு என்ன சொந்தமுங்க?"

முருகேசன் நெளிந்தார். "தம்பி சம்சாரத்தோட வழியில... நானும் அவ்வளவா பழகலைங்க. சங்கத்துலயே எடுத்துட்டாங்கன்னதும், விசாரிச்சுத்தான் எடுத்திருப்பாங்கன்னு..."

சங்கம் என்னை நம்பியது. நான் முருகேசனை நம்பினேன். முருகேசன் சங்கத்தை நம்பினார். மூன்று பேரும் நடைமுறைப்படிதான் நடந்திருக்கிறோம். விசாரித்தவர் மட்டும் ஒருவரும் இல்லை!

மாதம்மாள் உட்காரவில்லை. "இன்னொரு போகமும் போச்சுன்னா எம் பொண்ணைக் காலேஜை விட்டு நிறுத்தணுமுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம் டீச்சர். இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் மானம் தப்பும்; அவருடைய நடவு போகும். தெரியாது என்றால் நான் பொய்ச் சான்று கொடுத்தவள். நாளைக்கே எவனாவது மேலே ஒரு மொட்டைப் பெட்டிஷன் தட்டிவிட்டால் விளக்கம் எழுதிக்கொண்டு அலைய வேண்டும். ஆயிரம் பிள்ளைகள் முன்னால் கூசாமல் பேசுகிறவள் நான். அன்றைக்கு அந்த ஒரு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தெரியாதுங்க. பதினஞ்சு நிமிசம்தான் தெரியும். தப்பு என்னோடதுங்க."

பெருமாள் மைக்கை இறக்கிவிட்டுக் கேட்டார். "அப்புறம் எதுக்குங்க மேடம் கையெழுத்துப் போட்டீங்க?"

"கேட்டாங்க... போட்டேன்."

ஆலோசகர் எழுந்து, ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். போனவர் போனவர்தான். தீர்மானம் கைவிடப்பட்டது. யார் யாருக்கு எந்த ரகம் சரிப்படுமோ, அவரவர் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. சான்றை ரத்து செய்து அன்று சாயங்காலமே கடிதம் கொடுத்தேன். ஆனால் கொட்டிய பூ கொட்டியதுதான். அதை எந்தக் கடிதத்தால் ஒட்ட வைக்க முடியும்?

போன வாரம் மாதம்மாள் பள்ளிக்கு வந்தார். தக்காளியை உழுதுவிட்டுக் கேழ்வரகு போட்டிருக்கிறாராம். மகளை ஓசூரில் ஒரு கம்பெனியில் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் வேலை. நன்னடத்தைச் சான்று கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பட்ட கடனில் கொஞ்சமாவது தீரட்டும் என்று தாளை வாங்கிப் பேனாவைத் திறந்துவிட்டேன். மாதம்மாள் தாளின் மேல் கையை வைத்தார்.

"எம் பொண்ணை நீங்க பார்த்ததே இல்லையே டீச்சர்?"

பேனாவை மூடினேன். சனிக்கிழமை ஊருக்கு வந்து விசாரித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி நின்றார்.

"தாராளமா வாங்க. ஆனா எங்க வூட்ல கேக்காதீங்க — பக்கத்து வூட்ல கேளுங்க."