எங்கள் வீட்டில் எடுத்த படம்

எங்கள் நிந்தவூரில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து குடியிருப்பார். அதனால் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைவிட வீட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் பெரிய வெடிப்பு. மாடிப்படியோ ஏறுகிற ஆளைப் பாதியில் சறுக்கி விழுத்திவிடும். எனக்கு மூத்தவளான ராத்தாவைக் கேட்டு வந்த இரண்டு பகுதியாரும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான், திரும்பிப் பார்க்கவில்லை. உம்மா தொழுகைப் பாயிலேயே அழுதுகொண்டிருப்பார்.

மூன்றாவது பகுதியார் வந்தபோது உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, களத்தில் இறங்கினார். மாப்பிள்ளைக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படத்தில் பைத்தியம் என்று எங்கோ விசாரித்து வைத்திருந்தார். எனக்கும் அதே பைத்தியம். அப்போது எனக்குப் பத்து வயதுதான், அதற்குள் வசனம் முழுக்க மனப்பாடம்.

மாமா மாடிப்படியைத் தட்டிக் காட்டினார். "தம்பி, கதாநாயகன் பலாப்பழத்தோட சறுக்கி விழுறது இந்தப் படியிலதான். இந்தியாவில இருந்து வந்து எடுத்தாங்க. அதுக்காகத்தான் நாங்க இதில கை வைக்கல்ல."

படத்தில் வருவது மரப்படி, எங்களுடையது சீமெந்து. வாயைத் திறக்கப்போன என்னை உம்மா தொடையில் கிள்ளினார்.

மாப்பிள்ளை சிரிக்கவே இல்லை. படியைப் பக்தியோடு தடவிப் பார்த்தார். சுவர் வெடிப்பைக் காட்டி, "அப்ப அந்த முதலாளி தலையை இடிச்ச இடம் இதுவா, மாமா?" என்று கேட்டார். அதற்குள் மாமா என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

"ஓம் ஓம், அதேதான்!" மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளையின் வாப்பா மட்டும் கூரையைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"குசினியையும் ஒருக்கா பார்க்கணும், மாமா. அவர் குசினிக்குள்ள ஒளிக்கிற கட்டம் இரிக்கே, அதுக்குத்தான் நான் ஆகக் கூடுதலாச் சிரிச்சது."

பெண்கள் சமைக்கிற குசினிப் பக்கம் அந்நிய ஆண்கள் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. மாமா உம்மாவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஓம், போய்ப் பாருங்க" என்றார். ராத்தாவை மாப்பிள்ளையின் உம்மா மட்டும்தான் அதுவரை பார்த்திருந்தார். ராத்தா அந்தக் குசினிக்குள்தான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். போனவர் திரும்பி வர நேரமெடுத்தது. வந்ததும் தன் வாப்பாவிடம், "வீடு நல்லா இரிக்கி வாப்பா, இதையே முடிப்பம்" என்றார்.

உம்மா அழுதார், மாமா மீசையை முறுக்கினார். எனக்குத்தான் சந்தோசமே வரவில்லை. அந்தப் படத்தில் குசினியே கிடையாது. படத்தை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாத இந்த மனிசனுக்கா எங்கள் ராத்தாவைக் கொடுக்கப் போகிறார்கள் என்று கலியாண நாள் வரைக்கும் எனக்கு ஒரே கவலை.