அக்காவின் முன்பற்கள்

அக்கா சிரித்து நான் பார்த்தது குறைவு. சிரிப்பு வந்தால் உடனே கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அவளுடைய முன்பற்களில் சாயம் படிந்ததுபோலப் பழுப்புத் திட்டுகள் இருந்தன. ஒழுங்காகப் பல் விளக்காததால் வந்த கறை என்று அம்மா திட்டுவார். உப்பு, கரி, எலுமிச்சை என்று எல்லாவற்றாலும் தேய்த்துப் பார்த்தாள். கறை அசையவில்லை. என் பற்களோ வெள்ளை. கடைவாயில் இருந்த இரண்டு சொத்தையை யாரும் பார்க்கவில்லை.

கம்பளையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதற்கு முதல்நாள், மஹய்யாவவில் இருந்த எங்கள் வீட்டின் குளியலறைக்குள் என்னை இழுத்துக் கதவைச் சாத்தினாள். அப்பா பெயின்ட் வேலை செய்பவர். சுவர் தேய்க்க அவர் வைத்திருந்த சாண்ட் பேப்பரில் ஒரு துண்டை என் கையில் வைத்தாள்.

"நீ தேய்டி. நானே தேச்சா வலியில நிறுத்திருவேன்."

எனக்கு எட்டு வயது. பெரிய வேலை கிடைத்த பெருமையோடு தேய்த்தேன். ஈறு கிழிந்து இரத்தம் வந்தது. அக்காவின் கண்கள் வழிந்தன. வாயை மட்டும் மூடவில்லை. என் கைதான் ஓய்ந்துபோனது. கண்ணாடி பார்க்க அவளுக்குப் பயம்.

"வெளுத்திருச்சா?"

"ஆமாக்கா. நல்லா வெளுத்திருச்சு."

மறுநாள் தேநீர்த் தட்டோடு வந்தவளிடம் மாப்பிள்ளையின் அம்மா அவளுடைய பெயரைக் கேட்டார். அக்கா வாயைப் பொத்தாமல் சிரித்தாள். அவர் அந்தப் பற்களைப் பார்த்துவிட்டு என் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"புள்ள வெத்தல போடுமோ?"

தேநீரைத் தொடாமலே போனார்கள். அடுத்த முறை வந்தவர்களிடம் அக்கா வாயே திறக்கவில்லை. பெண் ஊமையா என்று கேட்டார்கள். பிறகு யாரும் வரவில்லை.

தேய்த்த பல்லில் தண்ணீர் பட்டாலே அவள் துடித்ததால் பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை அப்பா தமிழில் சொன்னார். கறை பல்லின் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரில் புளோரைட் அதிகமாம். தேய்த்ததில் பல்லின் மேற்பூச்சுதான் போயிருக்கிறது.

நான் பிறக்குமுன், அக்கா சின்னவளாக இருந்தபோது, அவர்கள் அநுராதபுரத்துப் பக்கம் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பொதுக்கிணறு.

"அந்தத் தண்ணியவா சொல்றாரு?" என்றார் அம்மா. "காய்ச்சி, வடிகட்டி, நாந்தானேங்க குடுத்தேன்."

தேய்த்தது நான் என்று அக்கா காட்டிக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தாகமாக இருக்கிறதென்றேன். அம்மா குழாயில் டம்ளரை நிரப்பி, என்னிடம் நீட்டப்போய், கையை இழுத்துக்கொண்டார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபடியே நின்றார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. பொறுமையிழந்து பிடுங்கிக் குடித்தேன். அம்மா ஏன் அழுதார் என்று எனக்கு விளங்கவில்லை.