அண்ணனுக்காக வைத்திருந்த டாங்க் கேசட்

பாலவாக்கத்தில் இரும்பு என்று ஒரு பொருள் கிடையாது. வாங்கிக்கொண்டு வரும்போது இரும்பு, அடுத்த மழைக்குள் துரு. ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பின் கால், என் மனைவியின் தையல் மிஷின், எதையும் கடல் காற்று விட்டுவைப்பதில்லை. இந்த ஊரில் குடியிருந்துகொண்டு சின்ன வயசு டிவி கேம் ஒன்றைக் கெடாமல் காப்பாற்றுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம். அந்தப் பைத்தியம் நான்தான்.

அது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. தலையில் கேசட் செருக ஒரு வாய், முன்னால் ஒயரோடு இரண்டு கைப்பிடிகள். இப்போதுள்ள பையன்கள் பார்த்தால் ஏதோ இன்வெர்ட்டரின் உதிரி பாகம் என்று நினைப்பார்கள். கேசட் ஆறேழு இருந்தன. அதில் நாங்கள் உயிரை விட்டு ஆடியது டாங்க் கேசட் ஒன்றைத்தான்.

மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் இருந்தது எங்கள் வீடு. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பர்மா பஜாருக்குப் போய், பேரம் பேசி, அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழையும்போது மணி நாலரை தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். புதுச் சாமானைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணனும் நானும் அட்டைப்பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தையும் அப்பாவையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு நல்ல நேரம் பார்த்துப் பிரித்த பெட்டி அது. நல்ல நேரத்தின் லட்சணம் எனக்குத் தெரிந்துவிட்டது.

சரஸ்வதி பூஜை என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். புத்தகத்தையெல்லாம் பூஜையில் வைத்துவிட்டால் அன்றைக்குப் படிக்கக் கூடாது. எங்கள் அம்மா கெட்டிக்காரி. புத்தகத்தின் மேலேயே டிவி கேமையும் தூக்கி வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுவிட்டாள். "அதுவும் சரஸ்வதிதான், இன்னிக்குத் தொடப்படாது" என்றாள். அன்று பூராவும் படிப்பும் இல்லை, ஆட்டமும் இல்லை, இரண்டு பேரும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தோம். அந்தக் குங்குமம் ஒரு பொத்தானின் இடுக்கில் இன்னும் இருக்கிறது.

டாங்க் ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு பறவை இருக்கும். மேலேயிருந்து எதிரி டாங்குகள் வந்துகொண்டே இருக்கும். பறவை செத்தால் ஆட்டம் காலி. அம்மா அதைக் கருடன் என்று முடிவு கட்டிவிட்டாள். கருடனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள். அண்ணன் மஞ்சள் டாங்க், மேலே போய்ச் சண்டை போடுவான். நான் பச்சை டாங்க், பறவைக்குப் பக்கத்தில் காவல். "தம்பியுடையான் படைக்கு அஞ்சான்" என்று அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து கேலி செய்வார். அந்த ஆட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. கூட ஆடுகிறவனின் குண்டு நம் மேல் பட்டால் நாம் சாக மாட்டோம். கொஞ்ச நேரம் நகர முடியாமல் நின்ற இடத்தில் மினுக்மினுக்கென்று நிற்போம். அண்ணன் வேண்டுமென்றே என்னைச் சுட்டு நிறுத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். நான் அழுவேன். மறுபடியும் ஆடுவோம்.

பிறகு எல்லா வீட்டிலும் நடப்பது நடந்தது. அப்பா போனார். மயிலாப்பூர் வீட்டை இடித்துக் கட்டக் கொடுத்தோம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, பாகம் பிரிந்த அன்று இரண்டு பேரும் மடவீதியில் ஒன்றாகக் காபி குடித்தோம். அவன் அடையாற்றில் பிளாட் வாங்கி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். நான் பாலவாக்கத்துக்கு வந்தேன். சாமான்களில் டிவி கேமைப் பார்த்து, "இது உன்கிட்டயே இருக்கட்டும்டா, நான் வரச்சே ஆடலாம்" என்றான். வந்தான், ஆடினான். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வருவான். தலை நரைக்க ஆரம்பித்த இரண்டு ஆம்பிளைகள் தரையில் உட்கார்ந்து டாங்க் விடுவதை அண்ணனின் மனைவி, என் மன்னி, வாசற்படியில் நின்று பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

அம்மாவின் முதல் வருஷத் திவசத்தோடு அது நின்றது.

கர்மம் செய்கிறவன் மூத்தவன், அவன் வீட்டில்தான் நடக்க வேண்டும். எனக்குத் திதி தெரியும். ஆனால் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன். முதல் நாள் ராத்திரி வரை போன் இல்லை. மறுநாள் காலையில் குளித்து, பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு, பச்சைத் தண்ணீர் குடிக்காமல் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாலவாக்கத்திலிருந்து அடையாறு அரைமணி தூரம். அங்கே அவன், பிற்பாடு உறவுக்காரர்கள் சொல்லித் தெரிந்தது, தம்பி வந்துவிடுவான் என்று சொல்லி, திவசம் பண்ணிவைக்க வந்த வாத்தியாரையும் சாப்பிட வந்தவர்களையும் உட்கார வைத்திருந்திருக்கிறான். கல்யாணத்துக்குக் கூப்பிடலாம், சீமந்தத்துக்குக் கூப்பிடலாம், பெற்ற தாயின் திவசத்துக்கு யாராவது கூப்பிடுவார்களா என்பது அவன் கட்சி. தெரியப்படுத்துவது வேறு, கூப்பிடுவது வேறு என்பது என் கட்சி. இன்றைக்கும் என் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அன்று மூன்று மணிக்கு மேல் என் மனைவி தயிர்சாதத்தைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். "நீங்களே ஒரு போன் பண்ணியிருக்கலாம்" என்றாள். "அவனும்தான் பண்ணியிருக்கலாம்" என்றேன். அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து அவன் அங்கே, நான் இங்கே. ஒரே அம்மாவுக்கு, ஒரே திதியில், இரண்டு வீட்டில் பிண்டம்.

அதற்குப் பிறகுதான் நான் அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தேன். அண்ணன் ஒரு நாள் வருவான். வரும்போது அது ஓட வேண்டும். இதற்கு மேல் எனக்குத் திட்டம் ஒன்றும் கிடையாது. நானாகப் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிற தைரியம் இல்லாததால் கேசட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பென்சில் அழிக்கிற ரப்பரை வைத்துக் கேசட்டின் பித்தளைப் பற்களைத் தேய்ப்பேன். தேய்த்த இடம் பளபளக்கும், அடுத்த மாதம் பச்சை பூத்துவிடும். அரிசி டப்பாவில் போட்டு வைத்தேன், உப்புக் காற்று அரிசிக்குள்ளும் போயிற்று.

அந்தப் பெட்டி புது டிவியில் ஓடாது. அதற்காகவே பழைய டப்பா டிவி ஒன்றைச் சின்ன அறையில் வைத்திருந்தேன். அதுவும் ஒரு நாள் கண்ணை மூடியது. வாராவாரம் வருகிற பழைய பேப்பர்காரரிடம் அதைப் போடுவேன் என்று என் மனைவி நம்பினாள். நான் அவருடைய வண்டியில் இருந்த வேறொரு டப்பா டிவியை வாங்கிக்கொண்டேன்.

"இன்னா சார் நீ, ஊரே எங்கிட்ட போட்டுக்கினு கீது, நீ எங்கிட்டேர்ந்து வாங்குற" என்றார் அவர்.

"ஓடுமா?"

"ஓடும் சார். ஆனா எதுக்கு சார் இது? இடத்த அடச்சிக்கினு."

என் மனைவி கையை நீட்டி, "அப்படிக் கேளுங்கோ" என்றாள். போகி வந்தால் அவள் அந்த அறை வாசலில் நின்று என்னையும் பெட்டியையும் சேர்த்துப் பார்ப்பாள். ஆனால் தானாகத் தூக்கிப் போட்டதில்லை. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. எங்கள் வம்சத்தில் அடுத்த தலைமுறை என்றால் அண்ணனின் பெண் ஒருத்திதான். அவள் எட்டிப் பார்க்கிற வீடாகவும் எங்கள் வீடு இல்லாமல் போனதில் என் மனைவிக்கும் வருத்தம் இருந்தது.

போன தை மாதம் மன்னி போன் செய்தாள். அவள் குரலைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை கார்த்தால ஆத்துல இருப்பேளா? பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. பத்திரிகை குடுக்க வரோம்."

நான் போனை வைத்துவிட்டு நேராகச் சின்ன அறைக்குப் போனேன். "தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னா" என்றாள் மனைவி. அவளுக்கும் சந்தோஷம்தான். சனிக்கிழமை பூராவும் ரப்பரால் தேய்த்தேன். ஊதினேன், செருகினேன், எடுத்தேன், மறுபடி ஊதினேன். சாயங்காலம் ஏழு மணி வாக்கில் திரை பளிச்சென்று வந்தது. மஞ்சள் டாங்க், பச்சை டாங்க், சுவருக்குள் கருடன். வாய்விட்டுச் சிரித்தேன். அணைத்தால் மறுபடி வருமோ வராதோ என்று பயம், ராத்திரி முழுக்க அணைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அண்ணனுக்கு முன் தலை முழுக்கப் போயிருந்தது, கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. எங்களைக் கிழக்கே பார்த்து நிற்க வைத்து, வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்து நீட்டினார்கள். "ரெண்டு நாள் முன்னாடியே வந்திருந்து நடத்திக் குடுக்கணும்" என்றாள் மன்னி. எல்லா வீட்டிலும் சொல்கிற வாசகம். அண்ணன் சோபாவின் நுனியில் உட்கார்ந்து காபி குடித்தான். மாதாமாதம் வந்துபோன வீடு, கடல் எந்தப் பக்கம் என்று கேட்டான். மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்று கேட்டான். வீடு வாங்க வந்தவன் கேட்கிற கேள்விகளையெல்லாம் வரிசையாகக் கேட்டான்.

"உள்ள வாயேன், ஒண்ணு காட்டறேன்" என்றேன்.

வந்தான். திரையைப் பார்த்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். நான் சொல்லாமலே முதல் கைப்பிடியை எடுத்துக்கொண்டான். நான் இரண்டாவதை எடுத்தேன்.

ஆடினோம். விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அவன் மேலே போனான், நான் காவல் நின்றேன். முதல் கட்டம் முடிந்தது. இரண்டாவதில் அவனுடைய குண்டு ஒன்று தவறி என் மேல் பட்டது. என் டாங்க் மினுக்மினுக்கென்று நின்றுவிட்டது.

"ஸாரி" என்றான்.

அவன் சிரிப்பான் என்று நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியத்தை அப்போது சொன்னேன். "அன்னிக்கு நான் குளிச்சுட்டு, மடியா, ரெடியாதான் உக்காந்திண்டிருந்தேன்."

"தெரியும்" என்றான் அவன். "நானும் உனக்கு இலையைப் போட்டுட்டு உக்காந்திண்டிருந்தேன்."

"இலை போட்டது எனக்குத் தெரியாது."

"இப்போ தெரிஞ்சு என்னடா ஆகப்போறது. விடு."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் அழுதிருப்போம். இரண்டாவது கட்டத்தையும் அவன் கச்சிதமாக முடித்தான். கைப்பிடியைக் கீழே வைத்து, அதன் ஒயரை நிதானமாகச் சுற்றி, பெட்டியின் மேல் வைத்தான்.

"இதுக்காகத்தானே வெச்சிண்டிருந்தே. ஆடியாச்சு. இனிமே யார்கிட்டயாவது குடுத்துடு, இடமாவது மிஞ்சும்" என்றான்.

என்னிடம் அவன் பரிவாகப் பேசியது அது ஒன்றுதான். என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னான். கூடத்திலிருந்து மன்னி, "ஏன்னா, நாழியாச்சு, திருவான்மியூர்ல இன்னும் நாலு ஆத்துக்குப் பத்திரிகை குடுக்கணும்" என்றாள். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். எழுந்ததும் கையை எடுத்துவிட்டான்.

லிப்ட் வரை போனேன். "வந்துடுங்கோ" என்று இரண்டு பேரும் சொன்னார்கள். கதவு மூடிக்கொண்டது.

திரும்பி வந்தால் என் மனைவி சின்ன அறை வாசலில் நின்றிருந்தாள். பத்து வருஷமாகத் தூக்கிப் போடச் சொன்னவள், இப்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும், இன்னொரு தடவை வருவார்" என்றாள். வர மாட்டான். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கோபித்துக்கொண்டு அவன் வராமல் இருந்தவரை எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்.