மலை அணிலுக்கு விட்ட வரிசை

போன வருடம் வைகாசியில், கொல்லிமலை பெரக்கரை நாட்டில் உள்ள எங்கள் மிளகுத் தோட்டத்தில் நடந்தது இது. பல ஊர்கள் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம். மழைக்கு முன் சில்வர் ஓக் மரங்களில் கிளை கழித்தாக வேண்டும். வெயில் இறங்காவிட்டால், மரத்தில் ஏற்றிய மிளகுக்கொடி காய்க்காது. கிளை கழிக்கிற ஆள் வந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, மலை அணில்களை ஆராயும் பெண் வந்து நின்றார். பலாச்சுளை வைத்த குழாயில் பசை நாடா ஒட்டி, தின்ன வரும் அணிலின் முடியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது அவர் வேலை. மரத்தில் இருக்கிற பலாவைத் தின்பது போதாதென்று விருந்து வேறா என்று எனக்கு எரிச்சல்தான்.

எங்கள் தோட்டத்துக்கு ஒரு பக்கம் பெரிய காடு, மறுபக்கம் கோயில் சோலை. இரண்டையும் கிளை கோத்து இணைப்பது என் மரங்களில் ஒரே ஒரு வரிசைதான். அதை மட்டும் கழிக்க வேண்டாம் என்று கேட்டார். மலை அணில் தரையில் இறங்கத் தயங்குமாம், கிளைக்குக் கிளை தாவித்தான் போகுமாம். மரபணு அது இது என்று நிறையச் சொன்னார். எனக்குக் காதில் ஏறவில்லை. என் மிளகுக்கு யார் பதில் சொல்வது? முடியாது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

டீ கொண்டுவந்த என் மனைவிதான், அணிலுக்கு அப்படி என்ன கேடு என்று விசாரித்தாள். சோலைக்குள் வெளியிலிருந்து ஜோடி வருவதே இல்லை, எல்லாம் ஒரே ரத்தமாகிவிட்டது, இப்படியே போனால் ஒரு சீக்கு வந்தாலும் மொத்தமாகப் போய்விடும் என்றார் அந்தப் பெண்.

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏங்கண்ணு, அப்ப பங்காளிக்குள்ளயே கட்டிக்குதுங்களா?"

"ஆமாங்க. அதுங்களுக்கு வேற வழி இல்லீங்க."

எங்கள் மலையில் பங்காளி வீட்டில் பெண் எடுப்பது நினைத்தே பார்க்க முடியாத காரியம். அப்போது எங்கள் மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தோம். சுற்றிலும் பங்காளி வீடுகள். முறையுள்ள பெண் கேட்டு நாடு நாடாக ஏறி இறங்கியதில் எனக்குக் கால் ஓய்ந்திருந்தது.

"சாமி சோலைக்குள்ள இந்த அநியாயம் நடக்கலாமுங்களா? அந்த மரத்த விட்ருங்க," என்றாள் என்னிடம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் முடியவில்லை. அந்த வரிசையை விட்டுவிட்டு மற்றதைக் கழிக்கச் சொன்னேன். அதில் மிளகு குறைந்தது உண்மை, எனக்கு வயிறு எரிந்ததும் உண்மை.

ஐப்பசியில் ஒரு காலை, காட்டுப் பக்கமிருந்து ஓர் அணில் அந்த வரிசை வழியே தாவிச் சோலைக்குள் போவதை இருவரும் பார்த்தோம். மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

மகனுக்கு இன்னும் பெண் அமையவில்லை. இந்த வருடமும் அந்த வரிசையில் நான் கை வைக்கவில்லை. ஜோடி தேடிப் போகிறவனுக்கு வழியாவது திறந்திருக்க வேண்டும் என்பதை எனக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.